ஜெர்மன் சீக்கிரம் கற்க எந்த வழி? வகுப்பு, ஆப், தனி ஆசிரியர், நேரே விமானம்

நர்ஸிங் முடித்த பெண்ணோ மெக்கானிக்கல் முடித்த பையனோ ஜெர்மனிக்குப் போவதென்று முடிவெடுத்த அன்றைக்கே வீட்டில் ஒரு பட்டிமன்றம் தொடங்கிவிடும். மொழியை எங்கே படிப்பது? சித்தப்பா மகன் ஆப்பிலேயே படித்துவிட்டதாகச் சொல்வான். ஏஜென்சிக்காரர் மூன்று மாதத்தில் பி2 என்ற நான்காம் மொழிப்படி என்று நோட்டீஸை நீட்டுவார். மாக்ஸ்முல்லர் பவனை விட்டால் வேறெங்கும் சேராதே என்பாள் கூடப் படித்த தோழி. பக்கத்து வீட்டுக்காரர், "அங்க போனா தானா வந்துடும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

ஏஜென்சிக்காரரைத் தவிர இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு கட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். ஏ1 என்ற முதல் படிக்கு வேகமாக இருக்கும் வழி பி2-வுக்கு வேகமாக இருக்காது என்பது என் கட்சி. மொத்தப் பாதைக்கும் ஒரே வழிக்குப் பணத்தைக் கட்டிவிட்டு அதிலேயே உட்கார்ந்திருப்பதால்தான் பலருக்கு மாதக்கணக்கில் வீணாகிறது.

எதுவரை, எத்தனை மணி நேரம்

ஐரோப்பிய மொழித் தரவரிசையில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். எந்தப் படிவரை ஏற வேண்டும் என்பது நீங்கள் போகும் காரியத்தைப் பொறுத்தது. அங்கே இருக்கும் கணவனுடனோ மனைவியுடனோ சேரப் போகிறவருக்குப் பொதுவாக ஏ1 போதும். துணை ப்ளூ கார்டில் (பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி) இருந்தால் அதையும் கேட்பதில்லை. 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ‘சான்ஸென்கார்ட்டே’ என்ற வேலை தேடும் அனுமதிக்குக் குறைந்தபட்சம் ஜெர்மன் ஏ1 அல்லது ஆங்கிலம் பி2 வேண்டும். அதன் புள்ளிக் கணக்கில் ஜெர்மன் ஏ2 இருந்தால் ஒரு புள்ளி, பி1-க்கு இரண்டு, பி2-வுக்கு மூன்று. மொத்தம் ஆறு புள்ளி தேவைப்படும் இடத்தில் மொழியிலேயே பாதியை எடுத்துவிடலாம் என்பதைக் கவனியுங்கள். நர்ஸ்களுக்கோ தொழில் அங்கீகாரம் கிடைக்கப் பெரும்பாலான மாநிலங்களில் பி2 வேண்டும். அதில் பேரம் கிடையாது.

அடுத்தது நேரம். பி1-ஐ எட்ட 350 முதல் 650 பாட அலகுகள், பி2-வை எட்ட 600 முதல் 800 அலகுகள் என்று ஜெர்மன் மொழி கற்பிக்கும் கதே இன்ஸ்டிட்யூட் கணக்குச் சொல்கிறது. ஓர் அலகு 45 நிமிடம். நடுவாக 700 என்று வைத்துக்கொண்டால் பி2-வரை வகுப்பில் மட்டும் 525 மணி நேரம். வீட்டிலும் அதே அளவு உட்கார வேண்டியிருக்கும் என்பது என் கணிப்பு. ஆக, ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம். தினம் ஐந்து மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு ஏழு மாதம். டியூட்டி முடிந்து வந்து இரண்டு மணி நேரம் மட்டும் கிடைப்பவருக்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம்.

இது மிகைப்படுத்தல் என்று தோன்றினால் இன்னொரு கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜெர்மன் கற்றுக்கொடுக்க 36 வாரம் ஒதுக்குகிறது, வாரத்துக்கு சுமார் 25 மணி நேர வகுப்பு. (தமிழுக்கு 44 வாரம், ஜப்பானியத்துக்கு 88. தமிழ் கஷ்டமான மொழி என்று அவர்களே சான்றிதழ் தருகிறார்கள், பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) அவர்களுடைய இலக்கு பி2-வைவிடச் சற்று மேலே என்பது உண்மைதான். இருந்தாலும், சம்பளத்தோடு உட்காரவைத்து வேறு வேலையே கொடுக்காமல் படிக்கவைப்பவர்களுக்கே 36 வாரம் ஆகிறதென்றால், மூன்று மாதத்தில் பி2 என்று பேனர் கட்டுகிறவர் எதை விற்கிறார் என்று யோசிக்க வேண்டும். பேருந்து நிலையக் கடைகளில் ‘முப்பது நாளில்’ மொழி கற்றுத்தரும் புத்தகங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை.

ஆக, ‘சீக்கிரம்’ என்பதற்கு ஒரு அர்த்தம்தான் இருக்க முடியும்: இந்த ஆயிரம் மணி நேரத்தில் வீணாகும் பங்கைக் குறைப்பது. ஒவ்வொரு வழியும் எங்கே நேரத்தை மிச்சப்படுத்துகிறது, எங்கே விழுங்குகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

வகுப்பில் சேர்ந்து படிப்பது

சென்னையில் நுங்கம்பாக்கம் ரட்லண்ட் கேட்டில் இருக்கும் மாக்ஸ்முல்லர் பவன்தான் கதே இன்ஸ்டிட்யூட்டின் இந்தியப் பெயர். கோவையில் கதே சென்ட்ரும் இருக்கிறது. இவை போக எல்லா ஊரிலும் தனியார் பயிற்சி மையங்கள்.

தொடக்கத்தில் நல்ல வகுப்பு தருவதை வேறெதுவும் தராது. முக்கியமாக உச்சரிப்பு. தமிழ் எழுத்தில் க, ட, த, ப எல்லாம் ஒரே எழுத்துக்குள் இரண்டு மூன்று ஒலிகளை வைத்திருக்கின்றன. ஜெர்மனில் அந்த ஒலிகள் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து, தனி அர்த்தம். நோட்டில் ஜெர்மன் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழில் உச்சரிப்பு எழுதிவைக்கும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் நிறைய உண்டு. ‘பாக்கென்’ என்று எழுதிவைத்தால், அது ரொட்டி சுடுவதா பெட்டி கட்டுவதா என்று பின்னால் யாருக்குத் தெரியும்? (இந்தக் கட்டுரையிலும் ஜெர்மனைத் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன், படிக்க வசதி என்பதால். நோட்டில் இப்படி எழுதாதீர்கள்.) அப்புறம் உதட்டைக் குவித்துக்கொண்டு ‘ஈ’ சொல்ல வேண்டிய அந்த ஒலி. எதிரே ஒருவர் உட்கார்ந்து உங்கள் வாயைப் பார்த்துத் திருத்தினால் பத்து நாளில் சரியாகிவிடும். விட்டுவிட்டால் பி2-விலும் கூடவே வரும்.

இலக்கணமும் அப்படித்தான். பெயர்ச்சொல்லின் பால், நான்கு வேற்றுமை, வினை எங்கே நிற்கும் என்ற ஒழுங்கு, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கித் தருவது வகுப்பு. தனியாகப் படிப்பவர் இந்த வரிசையைத் தேடுவதிலேயே ஒரு மாதத்தைத் தொலைப்பார்.

சரி, குறை எங்கே? வாய் திறக்கும் நேரத்தில். தொண்ணூறு நிமிட வகுப்பில் ஆசிரியர் விளக்கம், புத்தகப் பயிற்சி, ஒலிப்பதிவு கேட்பது எல்லாம் போக அரை மணி நேரம் பேச்சுக்கு மிஞ்சும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இருபது பேர் இருந்தால் தலைக்கு ஒன்றரை நிமிடம். ஜோடி ஜோடியாகப் பேசவைத்தால் கூடும், உண்மைதான். ஆனால் உங்கள் ஜோடியும் நீங்கள் செய்யும் அதே தவற்றைச் செய்யும் இன்னொரு தமிழர். ஏ1, ஏ2-வில் இது பெரிய குறையில்லை, அங்கே பேசுவதற்கு அதிகம் இல்லை. பி1 தாண்டியதும் இதே வகுப்பு ஆமை வேகமாகிவிடுகிறது. உங்களுக்குத் தெரிந்த பாடத்தை மற்ற பதினைந்து பேருக்காக மறுபடி கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

வகுப்பில் சேரும் முன் கட்டணத்துக்கு முன்பாகக் கேட்க வேண்டியவை இரண்டு. ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? ஏ1-இல் பாடம் எடுக்கும் ஆசிரியரின் சொந்தத் தகுதி என்ன, பி2 தாண்டியவரா? இரண்டாவது கேள்விக்குப் பல இடங்களில் நேரான பதில் வராது. போன வருடம் பி1 எழுதியவரே இந்த வருடம் ஏ1 எடுப்பது தனியார் மையங்களில் சாதாரணம்.

நர்ஸ்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘மொழி இலவசம், வேலை உறுதி’ என்று வரும் ஏஜென்சி வகுப்புகளில் பாண்டு பத்திரத்தை முழுக்கப் படியுங்கள்: நடுவில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், தேர்வில் தோற்றால் என்ன, அசல் சான்றிதழ்களை யார் வைத்துக்கொள்கிறார்கள். ஆளெடுப்புச் செலவை மருத்துவமனைதான் ஏற்க வேண்டும், நர்ஸிடம் வாங்கக் கூடாது என்ற கொள்கையுடன் ஜெர்மனி அரசே ‘நியாயமான ஆள்சேர்ப்பு’ என்று ஒரு தர முத்திரை வைத்திருக்கிறது. அந்த முத்திரை உண்டா என்று ஏஜென்சியிடம் கேட்டுப்பாருங்கள், முகபாவமே பாதி பதில் சொல்லிவிடும். கேரளத்தில் அம்மாநில அரசின் நோர்கா ரூட்ஸ் நிறுவனம் வழியாக, நர்ஸ்களை ஜெர்மனிக்கு அனுப்பும் ‘டிரிப்பிள் வின்’ என்ற திட்டம் அரசு மட்டத்தில் நடக்கிறது. தமிழ்நாட்டில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்ஸ்களுக்கு ஜெர்மன் பயிற்சி அறிவிப்புகள் வெளியிட்டிருக்கிறது. அதன் தளத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆப்

டுவோலிங்கோவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 2012-இல் பொதுவில் வந்தது, இலவசம், பழக்கம் ஏற்படுத்துவதில் கில்லாடி. பேருந்தில் பத்து நிமிடம் கிடைத்தால் ரீல்ஸ் பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அங்கே பெரும்பாலும் கொடுத்த சொற்களில் சரியானதைத் தொடுகிறீர்கள். ஆஸ்பத்திரியில் நோயாளி கேள்வி கேட்கும்போது திரையில் நான்கு விடைகள் மிதப்பதில்லை. ஸ்ட்ரீக் என்ற தொடர்ச்சி நாள் கணக்கு அறுந்துவிடக் கூடாதே என்று இரவு பதினொன்றே முக்காலுக்குச் சுலபமான பாடம் ஒன்றைத் தட்டிவிட்டுப் படுப்பதைப் படிப்பு என்று சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல், இந்த ஆப்கள் ஆங்கிலம் வழியாக ஜெர்மனுக்குக் கூட்டிப்போவது. ஆங்கிலேயனுக்குக் கடினமாகத் தெரியும் சில இடங்கள் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. ‘எனக்குக் குளிருது’ என்று நாம் சொல்வதைப் போலவே ஜெர்மன்காரரும் ‘எனக்கு’ என்றுதான் தொடங்குகிறார்: ‘மிர் இஸ்ட் கால்ட்’. ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதும் அதே அமைப்பு. துணை வாக்கியத்தில் வினை கடைசியில் போய் நிற்பதைக் கண்டு ஆங்கில வழிப் புத்தகங்கள் பதறும். நாம் பிறந்ததிலிருந்து வினையைக் கடைசியில்தான் வைத்துக்கொண்டிருக்கிறோம். இதை ஒரு வார்த்தை சுட்டிக்காட்டத் தெரிந்த தமிழ் ஆசிரியர் கிடைத்தால் நான்காம் வேற்றுமைப் பாடம் ஒரு மாலையில் முடியும். மறுபக்கம், மேசை ஆண்பால், விளக்கு பெண்பால் என்ற கூத்து தமிழனுக்கும் ஆங்கிலேயனுக்கும் சமமான தலைவலி. அதில் குறுக்கு வழி கிடையாது, ஒவ்வொரு சொல்லையும் அதன் முன்னால் வந்து பாலைக் காட்டும் டேர், டீ, டாஸ் என்பதோடு சேர்த்து மனப்பாடம் செய்தே ஆக வேண்டும்.

மனப்பாடம் என்று வந்துவிட்டதால் ஆங்கி. இதையும் ஆப் என்பார்கள், ஆனால் சாதி வேறு. நீங்கள் கேள்வி ஒருபக்கமும் விடை மறுபக்கமுமாக எழுதிவைத்த அட்டையை, மறக்கப் போகும் நேரம் பார்த்துத் திரும்பக் காட்டும். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்மேலேயே சோதனை செய்து, மறதி எப்படி நடக்கிறது என்று 1885-இல் எழுதினார். 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் அட்டைகளை ஐந்து பெட்டிகளில் நகர்த்தும் முறையைப் பிரபலமாக்கினார். ஆங்கி அதே யோசனையின் கணினி வடிவம். ஆண்ட்ராய்டில் இலவசம்.

அட்டையில் தனிச் சொல்லைப் போடாதீர்கள், முழு வாக்கியத்தைப் போடுங்கள். ‘சாவி’ என்று ஒருபக்கம், அதற்கான சொல் மறுபக்கம் என்றால் ஒரு சொல்தான் வரும். ‘சாவியை மறந்துவிட்டேன்’ என்று தமிழில் ஒருபக்கம், மறுபக்கம் ‘இஷ் ஹாபெ மைனென் ஷ்லூஸெல் ஃபெர்கெஸென்’ என்று போட்டால், சாவி ஆண்பால் என்பது, இரண்டாம் வேற்றுமையில் ‘மைன்’ ‘மைனென்’ ஆவது, இறந்தகாலத்தில் வினை இரண்டாகப் பிரிந்து ஒரு துண்டு கடைசிக்குப் போவது, எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். அட்டையைத் திருப்பும் முன் சத்தமாகச் சொல்ல வேண்டும். மனதுக்குள் சொன்னால் கணக்கில் சேராது.

இலவசமாக வீட்டிலேயே

ஆப்பைவிட இதற்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவேன். ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லேயின் ‘நீகோஸ் வேக்’ என்ற வீடியோத் தொடர் ஏ1 முதல் பி1 வரை கதையாகவே நகர்கிறது, பைசா செலவில்லை. அங்குள்ள மக்கள் கல்வி மையங்கள் நடத்தும் ‘ஃபௌ-ஹா-எஸ் லேர்ன்போர்ட்டால்’ என்ற தளமும் இலவசம், பாட வரிசையோடு இருக்கிறது. பி1 நெருங்கியதும் டாய்ச்சே வெல்லேயின் மெதுவாக வாசிக்கும் செய்திகள். அப்புறம் யூடியூபில் ‘ஈஸி ஜெர்மன்’, தெருவில் போகிறவர்களை நிறுத்திப் பேசவைப்பார்கள், இரண்டு மொழியிலும் எழுத்து ஓடும். பாடப்புத்தக ஜெர்மனுக்கும் தெரு ஜெர்மனுக்கும் உள்ள தூரம் அங்கேதான் புரியும்.

கட்டுப்பாடு உள்ளவருக்கு இதுதான் மிக மலிவான வழி. ஆனால் கேட்பதும் படிப்பதும் மட்டும் பேச்சைக் கொண்டுவந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கனடாவில் பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சில் படித்த ஆங்கிலக் குழந்தைகளை மெரில் ஸ்வெய்ன் 1980-களில் ஆராய்ந்தார். கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சுக் குழந்தைகளுக்குக் கிட்டத்தட்ட இணையாக இருந்த அவர்கள், பேச்சிலும் எழுத்திலும் தெளிவாகப் பின்தங்கினார்கள். வருடக்கணக்கில் மொழிக்குள் உட்கார்ந்திருந்தும் இப்படி. சொந்தமாக வாக்கியம் கட்டவைக்கும் கட்டாயம் போதவில்லை என்பது அவர் முடிவு.

தனி ஆசிரியர்

இணையத்தில் ஐடாக்கி (italki), ப்ரெப்ளி போன்ற தளங்களில் மணிக்கணக்கில் ஆசிரியரை அமர்த்திக்கொள்ளலாம். உள்ளூரிலும் கிடைப்பார்கள். மணிக்கு மணி பார்த்தால் வகுப்பைவிடச் செலவு கூடுதல், சந்தேகமில்லை. ஆனால் நான் பார்க்கும் அளவுகோல் வேறு: வாய் திறக்கும் ஒரு நிமிடத்துக்கு என்ன விலை? தனி ஆசிரியரிடம் அரை மணி நேரத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நீங்கள்தான் பேசுகிறீர்கள். இருபது பேர் வகுப்பில் அந்தப் பதினைந்து நிமிடத்துக்குப் பத்து நாள் ஆகும். இப்படிக் கணக்குப் போட்டால் தனி ஆசிரியர் மலிவு.

ஆனால் ஏ1-இல் அமர்த்தினால் வீண். அகரவரிசையும் எண்களும் கற்க ஒருவரை மணிக்கூலிக்கு வைத்துக்கொள்வது காசைக் கரியாக்குவது. பி1-இன் வாசலில், வாக்கியம் தெரிந்தும் வாய் வராத கட்டத்தில், வாரம் மூன்று அரை மணி நேரங்கள் வைத்துப்பாருங்கள். வித்தியாசம் ஒரே மாதத்தில் தெரியும். பாடமும் நீங்களே கொண்டுபோக வேண்டும். "சும்மா பேசலாம்" என்று தொடங்கினால் வாராவாரம் உங்கள் ஊர், உங்கள் சாப்பாடு, சென்னை வெயில் என்றே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். பி1 பேச்சுத் தேர்வில் மூன்று பகுதிகள்: துணைத் தேர்வருடன் சேர்ந்து ஒன்றைத் திட்டமிடுவது, ஒரு தலைப்பில் சின்ன உரை, உரைக்குப் பின் கேள்வி பதில். இவற்றில் ஒன்றை ஒரு சந்திப்பில் எடுத்து, பதிவுசெய்து, அடுத்த சந்திப்பில் அதே தலைப்பைத் திருத்தங்களோடு மறுபடி பேசுங்கள். இந்த ‘மறுபடி’யைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை.

ட்ராய் என்ற பண்டைய நகரைத் தோண்டிப் புகழ்பெற்ற ஹைன்ரிஷ் ஷ்லீமான் 1840-களில் ஆம்ஸ்டர்டாமில் குமாஸ்தாவாக இருந்தபோது ரஷ்ய மொழி கற்றார். ஆசிரியர் கிடைக்கவில்லை. எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்டால் வேகமாக வரும் என்று தோன்றி, ஒரு சொல்கூட ரஷ்யன் தெரியாத ஒருவரை வாரக்கூலிக்கு அமர்த்தி, தினம் மாலையில் அவர்முன் ரஷ்யப் பாடங்களை உரக்க ஒப்பித்தார். மெல்லிய பலகைத் தளம் போட்ட வீடு. சத்தம் தாங்காமல் மற்ற குடித்தனக்காரர்கள் புகார் செய்ய, இரண்டு முறை வீடு மாற வேண்டியதாயிற்று. ஆறே வாரத்தில் ரஷ்யனில் கடிதம் எழுதிவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார். இதெல்லாம் அவரே எழுதிவைத்தது, அவர் தன்னைப்பற்றிக் கொஞ்சம் தூக்கிச் சொல்லக்கூடியவர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் அந்த வாரக்கூலி ஆளை நான் மறப்பதில்லை. திருத்தத் தெரியாதவர்கூட எதிரில் இருந்தால் வாய் திறக்கிறது.

இன்று அந்த இடத்தில் சாட்ஜிபிடி மாதிரியானவற்றின் குரல் வசதியை வைக்கலாம். இரவு ஒரு மணிக்கும் சலிக்காமல் பேசும், எழுதியதைத் திருத்தும், ஷ்லீமானின் ஆளைவிட நிச்சயம் மேல். எழுத்துப் பயிற்சிக்கு நான் தாராளமாகவே பரிந்துரைப்பேன். உச்சரிப்புக்கு நம்ப வேண்டாம்; நீங்கள் தப்பாகச் சொன்னதையும் சூழலை வைத்து ஊகித்துப் புரிந்துகொண்டு பதில் சொல்லிவிடும். பேர்லின் கடைக்காரர் அவ்வளவு பெருந்தன்மை காட்ட மாட்டார்.

அங்கே போய்க் கற்பது

பக்கத்து வீட்டுக்காரரின் யோசனை. குழந்தைகளைப் பொறுத்தவரை ஓரளவு சரி. பெரியவர்களுக்கு மூச்சுக்காற்றோடு மொழி உள்ளே போவதில்லை. ஜெர்மனியிலேயே குடியேறியவர்களுக்கு அரசு நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பில் மொழிக்கு மட்டும் பொதுவாக 600 பாட அலகுகள், இலக்கு பி1. அந்த மண்ணில் வாழ்ந்துகொண்டு, அந்த மொழியிலேயே பாடம் கேட்பவர்களுக்கே அவ்வளவு தேவை என்று அந்த அரசே கருதுகிறது. ஐடி வேலைக்குப் போனவர் கதை இன்னும் மோசம். அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், சனிக்கிழமை தமிழ்ச் சங்கம். ஐந்து வருடம் கழித்தும் ரொட்டிக் கடையில் விரலைக் காட்டித்தான் வாங்குவார்.

ஆனால் பி1 கையில் இருக்கும்போது போனால் நிலைமை தலைகீழ். காதில் விழுவதில் பாதி புரியும், மீதியை ஊகிக்கலாம், ஒவ்வொரு நாளும் பயிற்சிதான். டிரிப்பிள் வின் திட்டம் பி1 வரை இங்கே, பி2-வை அங்கே என்று பிரித்திருப்பது காரணத்தோடுதான். பவேரியாவிலோ ஸ்வாபியாவிலோ வேலை என்றால் வார்டில் பாட்டிமார் பேசும் வட்டார வழக்கைச் சென்னையில் எந்த வகுப்பும் தர முடியாது. ஷிஃப்ட் மாறும்போது கடகடவென்று ஒப்படைப்பு ரிப்போர்ட் சொல்வார்களே, அதைக் கேட்டுக் குறிப்பெடுப்பதும் அங்கே போய்த்தான் பிடிபடும்.

சரி, நான் எப்படிப் பிரிப்பேன்

வழிகளைக் கலப்பது ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் ஒரு ஜெர்மானியர், தமிழ் கற்க வேண்டியிருந்தது. முதலில் திண்ணைப் பள்ளிக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். பிறகு ஐரோப்பிய மொழிகள் தெரிந்த ஒரு துபாஷியை அமர்த்திக்கொண்டார். பின்னாளில் அவரே எழுதிய தினசரி அட்டவணையில் காலையில் முதல் வேலை சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்வது, அப்புறம் ஒரு வயதான புலவரையும் எழுத்தரையும் வைத்துக்கொண்டு புதுப்புது ஏடுகளைப் படிப்பது, மாலையில் ஒருவரை வாசிக்கவைத்துக் கேட்பது. வகுப்பு, தனி ஆசிரியர், ஆங்கி, ஒலிப்பதிவு என்று இன்றைய நான்கும் அதில் இருக்கின்றன, கட்டத்துக்குக் கட்டம் மாறியும் இருக்கின்றன.

முழு நேரமும் ஒதுக்க முடிந்த நர்ஸ் என்றால், ஏ1, ஏ2 இரண்டையும் நல்ல ஆசிரியர் இருக்கும் தீவிர வகுப்பில் முடியுங்கள். முதல் நாளிலிருந்தே ஆங்கி. பி1-இல் வகுப்பு தொடரட்டும், கூடவே வாரம் மூன்று தனிச் சந்திப்பு. பி2-வுக்கு முழு வகுப்புக் கட்டணம் கட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. அந்தப் பணத்தைத் தனி ஆசிரியருக்கும் மாதிரித் தேர்வுகளுக்கும் பிரித்துக் கொடுப்பேன். மருத்துவச் சொற்கள் தனியாக வேண்டும் என்பதால், நர்ஸாகவே அங்கே வேலை பார்த்துவிட்டு வந்த ஆசிரியர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

வேலையில் இருந்துகொண்டே சான்ஸென்கார்ட்டேவுக்குத் தயாராகும் இன்ஜினியருக்கு வார இறுதி வகுப்பு பெரும் பொறி. சனி, ஞாயிறு மட்டும் படித்தால் அடுத்த சனிக்குள் பாதி மறந்திருக்கும். அவருக்கு நீகோஸ் வேக், ஆங்கி இரண்டையும் தினம் ஒரு மணி நேரம், வாரம் இரண்டு முறை தனி ஆசிரியர் என்பதே போதும். உச்சரிப்புக்காக மட்டும் ஏ1 வகுப்பில் சேர்ந்துகொள்ளலாம்.

துணையோடு சேரப் போகிறவருக்கு ஏ1 ஒன்றுதான் தடை. நல்ல வகுப்பு ஒன்றில் சேர்ந்தால் இரண்டு மூன்று மாதத்தில் முடியும், வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

தேர்வைப் பொறுத்தவரை ஒரு சலுகையைப் பலர் பயன்படுத்திக்கொள்வதில்லை. கதே பி1, பி2 தேர்வுகளில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனித் தொகுதிகள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும். தோற்ற தொகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். பி1-இல் நம்மவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் கேட்டல்தான். அதில் சில பகுதிகள் இரண்டு முறை ஒலிக்கும், சில ஒரே முறை. மாதிரித் தாள்கள் கதே தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஹெட்ஃபோன் இல்லாமல் ஃபேன் சுற்றும் அறையில் அவற்றைக் கேட்டுப் பழகுங்கள், தேர்வு அறையில் ஒலிபெருக்கிதான் இருக்கக்கூடும். தேர்வு இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் பி1 பாதியில் இருக்கும்போதே தேதியைப் பதிவுசெய்துவிடுவது நல்லது.